அரியர் எழுதுவதற்கு முன்

புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் என்னை ‘அரியர் மிஸ்’ என்பார்கள். கணக்கு பேப்பரில் விழுந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் எடுப்பது என் தொழில். இன்ஜினீயரிங் பிள்ளைகளின் எம்-ஒன், எம்-டூ, எம்-த்ரீ, பி.எஸ்சி. கணிதத்தின் ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, பி.சி.ஏ.வின் டிஸ்கிரீட் மேத்ஸ். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படிக்கிறவர்களின் அலைடு மேத்ஸ். மங்கலம், உறுவையாறு, கூடப்பாக்கம், அரியூர்ப் பிள்ளைகள் வார நாட்களில் வந்துவிடுவார்கள். பாகூர் கொம்யூன் பக்கம் சேலியமேடு, கிருமாம்பாக்கம், குருவிநத்தம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.

புதிதாக வருகிற பிள்ளை உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “பாஸ் பண்ணிடலாமா மிஸ்?” இரண்டாவது கேள்வி கொஞ்சம் தயங்கி வரும். “திரும்ப எழுதி நல்ல மார்க் வாங்கினா, மேல அப்ளை பண்றப்ப எடுத்துக்குவாங்களா?” முதல் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான்: பண்ணிடலாம். இரண்டாவதற்கு நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். “எங்க அப்ளை பண்ணப் போற?”

பெரும்பாலான பிள்ளைகளிடம் இதற்குப் பதில் இருக்காது. பி.எட். போகலாம், லா போகலாம், எம்.சி.ஏ. போகலாம், அண்ணன் சொன்னான், மாமா சொன்னார் என்று இழுப்பார்கள். ஆனால் அந்தப் பதில் தெரியாமல் அரியருக்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்று சொல்லவே முடியாது. ஒரு படிப்புக்குப் பட்ட மதிப்பெண் வெறும் தகுதிக் கோடு. கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு மார்க்கும் அங்கே செல்லாது. இன்னொரு படிப்புக்கு அதே மதிப்பெண்தான் தரவரிசை. அரை மார்க்கில் சீட் கைமாறும். மூன்றாவது இடத்தில் நீங்கள் எத்தனை முறை எழுதினீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, எழுத வேண்டியதை எழுதாமல், எழுதத் தேவையில்லாததற்கு ஒரு வருஷத்தைக் கொடுக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பாடம் தொடங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது என் வழக்கமாயிற்று.

கிருமாம்பாக்கத்திலிருந்து வந்த பி.சி.ஏ. மாணவன் ஒருவனின் கணக்கைச் சொல்கிறேன். டிஸ்கிரீட் மேத்ஸ் ஒன்றுதான் பாக்கி. “பாஸ் போதும் மிஸ், 40 வந்தா போதும்” என்றான். எங்கே போகப் போகிறாய் என்றேன். திருச்சி மாதிரி ஒரு என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ. என்றான். அதற்கு நிம்செட் என்ற நுழைவுத் தேர்வு. தரவரிசை முழுக்க அந்தத் தேர்வின் மதிப்பெண்ணில்தான். ஆனால் உள்ளே நுழைய பட்டப்படிப்பில் 60 சதவீதம் அல்லது 10க்கு 6.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55 சதவீதம் அல்லது 6.0. இவன் பொதுக் கோட்டில் வருகிறவன்.

மார்க் ஷீட்டுகளை வாங்கித் தரையில் வரிசையாக வைத்தேன். பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 10 புள்ளி முறையில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, P என்று ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகப் போடும் வெறும் பாஸுக்கு 4. ஒவ்வொரு பேப்பரின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் சி.ஜி.பி.ஏ. அவனுக்கு மொத்தம் 140 கிரெடிட். முடித்தது 136. அதில் சேர்ந்திருந்த புள்ளிகள் 880. பாக்கி இருந்த டிஸ்கிரீட் மேத்ஸுக்கு 4 கிரெடிட்.

அவன் கேட்ட மாதிரி வெறும் பாஸ் வாங்கினால் 16 புள்ளி சேரும். 896ஐ 140ஆல் வகுத்தால் 6.4. படிவமே போட முடியாது. பி பிளஸ் வாங்கினால் 908, அப்போதும் 6.49தான். ஏ வாங்கினால் 912, 6.51. அந்தப் பையன் கால்குலேட்டரை வாங்கி இன்னொரு தரம் போட்டுப் பார்த்தான். பாஸ் வாங்கிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பேப்பரை அவனால் திரும்பத் தொடவே முடிந்திருக்காது.

இதுதான் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத விஷயம். நான் பார்த்த பெரும்பாலான கல்லூரி விதிகளில், தோற்ற பேப்பரைத்தான் திரும்ப எழுதலாம். விளிம்பில் பாஸ் ஆன பேப்பர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும். 38 வாங்கித் தோற்றவன் அடுத்த வருஷம் 75 வாங்கி சி.ஜி.பி.ஏ.வை ஏற்றிக்கொள்ளலாம், 41 வாங்கிப் பாஸ் ஆனவள் அந்த 41ஐ ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். ‘இம்ப்ரூவ்மென்ட்’ வாய்ப்பு கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன; எத்தனை பேப்பர், எத்தனை மாதத்துக்குள் என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு. அதனால்தான் வருகிற பிள்ளையிடம், “உன் வருஷத்து ரெகுலேஷனைக் கொண்டு வா” என்கிறேன். சீனியர் சொன்னது போதாது. ஒரே கல்லூரியில் இரண்டு வருஷ இடைவெளியில் விதி மாறியிருக்கும்.

பாஸ் ஆனவர்களுக்கும் ஒரே ஒரு தடவை, இரண்டு மூன்று கடினமான பேப்பர்களை மட்டுமாவது, திரும்ப எழுத எல்லாப் பல்கலைக்கழகமும் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. முதல் செமஸ்டரில் 41 வாங்குகிறவர்கள் யார்? அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் கணக்குப் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலத்தில் தேற்றம் எழுதச் சொன்னதும் திணறிய பிள்ளைகள். அவர்களே ஐந்தாவது செமஸ்டரில் 70 வாங்குகிறார்கள். முதல் ஆறு மாதத்துத் திணறலை மூன்று வருஷத்துப் படிப்பின் அளவுகோலாக வைப்பது நியாயமில்லை.

மறுபடி எழுதுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்டர்னல். எங்கள் பக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அரியர் எழுதும்போது எக்ஸ்டர்னல் மட்டும்தான் புதிது. இன்டர்னல் பழையதே தொடரும். கிருமாம்பாக்கம் பையனுக்கு இன்டர்னலில் 13. ஏ கிரேடுக்கு மொத்தம் 70 என்று வைத்துக்கொண்டால், 75க்கு 57 எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் 22 வைத்திருக்கும் பிள்ளைக்கு 48 போதும். அந்த ஒன்பது மார்க் என்பது ஒரு முழுக் கேள்வியை விட்டுவிடலாமா கூடாதா என்கிற வித்தியாசம். சில பல்கலைக்கழகங்களில் சில முறை எழுதிய பிறகு இன்டர்னலை விட்டுவிட்டு எக்ஸ்டர்னலை மட்டும் எடுத்துக்கொள்ளும் விதி உண்டு. அது தெரியாமல், இன்டர்னல் குறைவு என்பதாலேயே நம்பிக்கை இழந்தவர்களும் உண்டு.

இன்டர்னல் ஏன் குறைகிறது என்று கேட்டால் பல பேர் சொல்வது பஸ். பாகூரிலிருந்து லாசுப்பேட்டைக் கல்லூரிகளுக்குப் போகிற பிள்ளை காலை முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பீரியட் போச்சு. முதல் பீரியட் கணக்காக இருந்தால் வருகைப் பதிவும் போச்சு, இன்டர்னல் டெஸ்ட்டில் கேட்கும் கணக்கும் போச்சு. இப்படி பஸ் பிடித்து வெளியே போய்ப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பழைய சேதி சொல்வேன். பாகூர்ச் செப்பேடு என்று ஒன்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் நடந்துவந்த ஒரு உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாக விட்டதைச் சொல்லும் செப்பேடு. படிப்பதற்காக வெளியூர்க்காரர்கள் பாகூருக்கு வந்திருக்கக்கூடிய ஒரு காலம் அது. பாகூர்ப் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

அரியர் செய்கிற மோசமான வேலை வேறு. அது நடப்புப் பேப்பர்களைத் தின்னும். நவம்பர், டிசம்பரில் ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு. ஏப்ரல், மே மாதத்தில் இரட்டைப்படை. முதல் செமஸ்டரில் விட்ட பேப்பரை மூன்றாவது செமஸ்டர்ப் பேப்பர்களோடு சேர்த்துத்தான் எழுத வேண்டிவரும். எம்-ஒன் அரியர் காலையில், எம்-த்ரீ மறுநாள். அரியரைப் பாஸ் பண்ண வேண்டும் என்ற பதற்றத்தில் எம்-த்ரீயில் 7 புள்ளி வாங்க வேண்டியவன் 5 வாங்கிவிடுவான். அரியரில் 4 புள்ளி வந்தது என்று சந்தோஷப்படுவான். மொத்தக் கணக்கில் அவன் மேலே போனானா கீழே போனானா என்று யாரும் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். அதனால் என்னிடம் வருகிறவர்களிடம், அரியருக்கான படிப்பை செமஸ்டர் தொடங்கிய முதல் ஆறு வாரத்திலேயே முடித்துவிடச் சொல்வேன். ஜூலையில் எம்-ஒன், தீபாவளிக்குப் பிறகு நடப்புப் பேப்பர் மட்டும்.

சில கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறு வழி கண்டுபிடித்து வருவார்கள். “சரியா படிக்கல மிஸ். எழுதி பார்டர்ல பாஸ் ஆனா மாட்டிக்குவேன். பேசாம ஆப்சென்ட் ஆயிடறேன். அடுத்த தரம் நல்லா எழுதி ஏத்திக்கிறேன்.” மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் இது சரி என்றுதான் தோன்றும். நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆப்சென்ட் ஆனால் முதல் முயற்சியிலேயே எல்லாம் முடித்தவர் என்ற தகுதி போய்விடும். ரேங்க் பட்டியலுக்கும் டிஸ்டிங்ஷனுக்கும் பல பல்கலைக்கழகங்களில் அதுதான் முதல் நிபந்தனை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் ‘ஸ்டாண்டிங் அரியர்’ இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும். சில கம்பெனிகள் முடித்த அரியரையும் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேல், அடுத்த தரம் நன்றாகப் படிப்பேன் என்பது நவம்பர் மாதத்து வாக்கு. அடுத்த நவம்பரில் அதே பிள்ளைக்கு ஆறு புதுப் பேப்பர் இருக்கும். இருக்கிற பத்து நாளில் மூன்று யூனிட்டை முழுசாகப் பார்த்துவிட்டு எழுது என்றுதான் சொல்வேன்.

திரும்ப எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. பழைய விடைத்தாளைப் பார்ப்பது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கு ஒன்றில், திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் வாங்கவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாணவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. பல பல்கலைக்கழகங்கள் மறுமதிப்பீட்டோடு சேர்த்து ஜெராக்ஸ் நகலுக்கும் விண்ணப்பம் வாங்குகின்றன. ஆனால் பிள்ளைகள் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவார்கள், நகலுக்குக் கட்ட யோசிப்பார்கள். மார்க் ஏறினால்தானே லாபம் என்பது அவர்கள் கணக்கு.

சேலியமேட்டுப் பெண் ஒருத்தி. பி.எஸ்சி. கணிதம், ரியல் அனாலிசிஸ். இரண்டு தரம் எழுதியும் வரவில்லை. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். “டீச்சரம்மா, பொண்ணு ராவெல்லாம் முழிச்சுப் படிக்குது, ஏன் வரலன்னு தெரியல” என்றார். அவள் நோட்டைப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து, தேற்றங்கள் அத்தனையும் மனப்பாடம். விடைத்தாள் நகல் வாங்கி வரச் சொன்னேன். வந்ததும் இருவரும் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்தோம்.

லிமிட்டின் வரையறையை அவள் தலைகீழாக எழுதியிருந்தாள். ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா கிடைக்க வேண்டும் என்பதை, ஒவ்வொரு டெல்டாவுக்கும் ஒரு எப்சிலான் கிடைக்கும் என்று. திருத்தியவர் அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். அந்த வரையறையை வைத்துக்கொண்டு கன்டின்யூட்டி, அதை வைத்து யூனிஃபார்ம் கன்டின்யூட்டி, அதை வைத்துத் தேற்றம். பத்து மார்க் கேள்வி மூன்றும் அதே வரியில் சரிந்திருந்தன. சீக்வென்ஸ், சீரிஸ் பகுதியில் அவளுக்குக் கிட்டத்தட்ட முழு மார்க். அவள் இரண்டு வருஷமும் திரும்பத் திரும்பப் படித்தது நன்றாகத் தெரிந்த அந்தப் பகுதியைத்தான். தெரிந்ததைப் படித்தால் தைரியம் வருகிறது இல்லையா.

அவளிடம் தேற்றமே பேசவில்லை. “நான் ஒரு அளவு சொல்றேன், ரொம்பச் சின்னதா. விடை அந்த அளவுக்குள்ள விலகியிருக்கணும். அதுக்கு எக்ஸை எவ்வளவு நெருக்கத்துல வைக்கணும்னு நீ சொல்லு” என்றேன். 0.1 கொடுத்தேன், சொன்னாள். 0.01 கொடுத்தேன், சொன்னாள். 0.001 கொடுக்கும் முன்பே, “நீங்க எதச் சொன்னாலும் நான் ஒண்ணு சொல்லிடுவேன் மிஸ்” என்றாள். இப்போது யார் முதலில் சொல்கிறார்கள், யார் பிறகு சொல்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நகலில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அவளே வரையறையைத் திருத்தி எழுதினாள். அந்த முறை 75க்கு 50க்கு மேல் வந்தது.

அவள் போக நினைத்தது பி.எட். தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் விதிப்படி பி.எஸ்சி.யில் 50 சதவீதம் வேண்டும். இன்ஜினீயரிங் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு 55. அவளுக்கு மற்றப் பேப்பர்களிலேயே 50 தாண்டியிருந்தது. வெறும் பாஸ் போதுமானதாக இருந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். ஆனால் எப்சிலானும் டெல்டாவும் இடம் மாறிய மனத்தோடு ஒருத்தி வகுப்பறையில் நின்று கணக்குச் சொல்லித்தருவதை என்னால் ஏற்க முடியாது. சில பேப்பர்களைப் படிவத்துக்காகத் திரும்ப எழுதுகிறோம், சிலவற்றைத் தொழிலுக்காக.

சட்டப் படிப்பு கேட்டு வருகிறவர்களுக்குக் கணக்கு சுலபம். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு பார் கவுன்சில் வைத்திருக்கும் கோடு பட்டப்படிப்பில் 45 சதவீதம், ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. 44ல் நிற்கிற பிள்ளைக்கு ஒரு அரியர் பேப்பர் உயிர். 58ல் நிற்கிற பிள்ளைக்கு அந்த அரியரைப் பாஸ் பண்ணினாலே தகுதி உண்டு. அவர் சேரப் போகும் கல்லூரி பட்ட மதிப்பெண்ணை வைத்து வரிசை போடுகிறதா, தனித் தேர்வு வைக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம்.

குழப்பம் அதிகம் மருத்துவத்தில்தான். கல்லூரிக்குப் பிறகு என்பதை விட +2க்குப் பிறகு வருகிற கூட்டம் அது. பாகூர் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து நெல் வைக்கிற ஒருவர் மகளோடு வந்தார். அரசுப் பள்ளி மாணவி. நீட்டில் சீட் வருகிற அளவு மார்க் வரவில்லை. “லாங் டெர்ம் கோச்சிங் சேக்கலாம்னு இருக்கேன். கூடவே பிசிக்ஸ்ல 61தான் எடுத்திருக்கா. அதயும் இம்ப்ரூவ்மென்ட் எழுதச் சொல்றாங்க. ரெண்டுக்கும் பணம் பொரட்டணும் டீச்சரம்மா” என்றார்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025ல் முதல் முறையாக +2 பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதினார்கள். அதில் பாஸ் ஆனவர்களும் ஜூலைத் துணைத் தேர்வில் ஒரு பாடத்தைத் திரும்ப எழுதலாம். வாய்ப்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எம்.பி.பி.எஸ்.க்கு அது எதற்கு? இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.க்கு 40 சதவீதம் இருந்தால் போதும். அதற்கு மேல் வரிசை முழுக்க 720க்கு வாங்கும் நீட் மார்க்கில். போன வருஷ நீட் மார்க்கையும் யாரும் பார்ப்பதில்லை. இந்த வருஷத்து மார்க் மட்டும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை, மேல் வயது வரம்பையும் 2022ல் எடுத்துவிட்டார்கள். நீட் வருவதற்கு முன்னால் +2 மார்க்கே எல்லாமாக இருந்த காலத்து நினைப்பில், பெரியவர்கள் இன்னமும் ‘இம்ப்ரூவ்மென்ட் எழுது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் மகளுக்கு மூன்று பாடத்திலும் சேர்த்து 60 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பிசிக்ஸைத் தொட வேண்டாம் என்றேன். அதே மதிப்பெண்ணோடு, புதுச்சேரியின் சேர்க்கைக் குழுவான சென்டாக் மூலம் இன்ஜினீயரிங் போவதாக இருந்தால் பேச்சு வேறு. அங்கே +2 மார்க்தான் வரிசை. 2023லிருந்து புதுச்சேரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 10 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இந்தப் பெண் அந்த வரிசையில் வருகிறவள், ஒரு வருஷம் முயன்று பார்க்கத் தகுதியான மார்க் அவளுடையது. ஒரு வருஷம் முழுக்கக் கொடுங்கள், அதற்கு மேல் எழுதுவதாக இருந்தால் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதட்டும் என்றேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து மூன்று நான்கு வருஷம் நீட் எழுதி உடைந்துபோன பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே அறிவேன்.

புதுச்சேரியில் இன்னொரு வகைக் குடும்பம் உண்டு. சொல்தா குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் வழி வந்தவர்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டி, பிள்ளைகள் லிசே பிரான்சேயில் படித்துவிட்டு பாரிஸ் போவார்கள். அப்படி ஒரு வீட்டுப் பாட்டி, பேத்தி அங்கே மருத்துவ முதல் வருஷத்தில் தேறவில்லை என்று கலங்கி வந்தார். “இங்க மாதிரி அரியர் எழுத முடியாதாம்மா?” முடியாது. முன்பு பாசெஸ் என்ற முதல் வருஷம் இருந்தபோது ஒரு தடவை திரும்பப் படிக்க விட்டார்கள். 2020ல் அதை எடுத்துவிட்டு ‘பாஸ்’ (PASS), ‘லாஸ்’ (LAS) என்று இரண்டு வழி வைத்தார்கள். இந்த ‘பாஸ்’ வருஷத்தைத் திரும்பப் படிக்க அனுமதி இல்லை. ஆனால் வேறு ஒரு பட்டப்படிப்பின் வழியாக, லாஸில், இன்னொரு முறை முயலலாம். மொத்தம் இரண்டே வாய்ப்பு. பேத்திக்கு இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொன்னதும்தான் பாட்டி தண்ணீர் குடித்தார்.

அமெரிக்கா வேறு. அங்கே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கும் பொது அமைப்பான ஆம்காஸ், ஒரு கோர்ஸை எத்தனை முறை எடுத்தாலும் அத்தனை கிரேடையும் சேர்த்து சராசரி போடும். தோற்றதும் கணக்கில் வரும், திரும்ப எடுத்து ஏ வாங்கியதும் வரும். ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கான அமைப்பு பழைய கிரேடை அழித்துப் புதியதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. 2017ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அங்கே கெமிஸ்ட்ரியில் சறுக்கிய பிள்ளைக்கு அதே கோர்ஸைத் திரும்ப எடுப்பதா, அதைவிடக் கடினமான மேல் கோர்ஸை எடுத்து ஏ வாங்கிக் காட்டுவதா என்பது பெரிய கேள்வி. நம் ஊரில் அந்தத் தெரிவு மாணவர் கையில் இல்லை. பேப்பரை நிர்ணயிப்பது பாடத்திட்டம். வெளிநாட்டுக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் அனுப்பப்போகும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மார்க் ஷீட்டில் தேறிய மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும், மறைக்க ஒன்றுமில்லை, கேட்டால் சொல்லத் தயாராக இரு.

2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு, கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் தேர்வு எழுதாமலே தேர்ச்சி என்று அறிவித்தபோது எங்கள் பக்கமும் கொண்டாட்டமாக இருந்தது. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரிகளில் படித்த வில்லியனூர்ப் பையன்கள் பலர். எனக்கு அன்று சந்தோஷம் வரவில்லை. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, தேர்வு வைக்காமல் தேர்ச்சி கிடையாது என்று முடிந்தது. நடுவில் பல மாதம் புத்தகத்தை மூடி வைத்துவிட்ட பிள்ளைகளைத் திரும்ப உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எழுதாமல் கிடைக்கும் பாஸுக்கு அந்த 4 புள்ளிதான் மதிப்பு என்றால், 8 வாங்கக்கூடிய பையனுக்கு அது நஷ்டம் என்பதை அன்று யாரும் பேசவில்லை.

கிருமாம்பாக்கம் பையன் ஏ வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தான், இன்டக்ஷன், ரிகர்ஷன், கிராஃப் தியரி மூன்றையும் தெளிவாகப் படித்தான். நிம்செட்டில் திருச்சி கிடைக்கவில்லை. வேறு ஒரு என்.ஐ.டி. கிடைத்துப் போனான். அங்கே முதல் செமஸ்டரில் திரும்பவும் அதே கிராஃப் தியரி வந்தது என்று போனில் சிரித்தான்.

இப்போது கல்லூரிகளில் முதல் வருஷச் சேர்க்கை நடக்கிற நேரம். பாகூரிலும் வில்லியனூரிலும் முதல் வருஷப் பிள்ளைகளை ஓர் அரை நாள் உட்கார வைத்து, கிரெடிட் என்றால் என்ன, இன்டர்னல் ஏன் திரும்ப வராது, எந்தப் பேப்பரைத் திரும்ப எழுதலாம், எதை எழுத முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அரியர் விழுந்த பிறகு வருகிற பிள்ளைக்கு இதைச் சொல்வதைவிட, முதல் இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முன்னால் சொல்வது நல்லது. வருகிறவர்கள் அவரவர் கல்லூரியின் ரெகுலேஷனையும் முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வரட்டும். அப்பா அம்மாவும் கூட வரட்டும், அவர்களுக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன். கட்டணம் கிடையாது.